ஆன்சனில் வென்ற வக்கீல்: ஜே.பி. ஜெயரத்தினம் பற்றி டெல்லிப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

நான் டெல்லி பாட்டியாலா ஹவுஸ் கோர்ட்டில் வக்கீல். மாதத்தில் இரண்டு ஞாயிறு முனிர்க்காவில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் சட்டம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கூடுவார்கள். பெரும்பாலும் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்கள். சிலர் பிளஸ் டூ முடித்து நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள். போன மாதம், வேறு நாட்டில் பிறந்து, வக்கீலாகி, தான் வாழும் நாட்டின் நாடாளுமன்றத்துக்குப் போன தமிழர் ஒருவரைப் பற்றிப் பேசினேன். கூட்டம் முடிந்த பிறகும் வாட்ஸ்அப்பில் கேள்விகள் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், அன்னைக்கு நான் வரல. யார் இவர், சுருக்கமா சொல்லுங்க.

ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்தினம். சிங்கப்பூரில் ஜேபிஜே என்றால்தான் தெரியும். 1926 ஜனவரியில் பிறந்தவர், 2008 செப்டம்பர் 30 அன்று 82 வயதில் காலமானார். சிங்கப்பூர் 1965-இல் தனி நாடான பிறகு, ஆளும் மக்கள் செயல் கட்சியைத் தேர்தலில் தோற்கடித்து நாடாளுமன்றத்துக்குள் போன முதல் ஆள். அந்த வெற்றி 1981-இல் வந்தது. அதுவரை 16 வருடம் வேறு யாராலும் முடியவில்லை.

அவர் குடியேறியவர்னு சொல்றது சரியா? அவங்க குடும்பம் ஏற்கெனவே மலாயாவில்தானே இருந்துச்சு?

நல்ல கேள்வி, இதைத் தெளிவாக்கிவிட வேண்டும். அவர் பிறந்தது யாழ்ப்பாணம் பக்கம் சங்கானையில். பெற்றோர் மலாயாவில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். அப்பாவுக்கு அங்கே பொதுப்பணித் துறையில் வேலை. ஊருக்கு வந்திருந்த சமயத்தில் பிள்ளை பிறந்தது. யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பங்கள் ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவுக்குக் குமாஸ்தாவாக, ரயில்வே ஊழியராக, சர்வேயராகப் போனது பெரிய கதை. நம் டெல்லிக் குடும்பங்களுக்கு இது அந்நியமாக இருக்காது. உங்கள் தாத்தா எந்த வருடம் செகரட்டேரியட் வேலைக்கு ரயிலேறி வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். பிரசவத்துக்கு அம்மா ஊருக்குப் போய்விட்டுக் கைக்குழந்தையோடு கரோல் பாக் திரும்பிய கதை அநேகம் வீடுகளில் உண்டு.

பிள்ளைப் பருவம் ஜொகூரில். பிறகு சிங்கப்பூரில் படிப்பு, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சட்டம். 1951-இல் லண்டன் வக்கீல் சங்கங்களில் ஒன்றான கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். ஆகவே இலங்கையில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் படித்து, சிங்கப்பூரைத் தன் நாடாக ஏற்றவர். மனைவி மார்கரெட் இங்கிலாந்துக்காரர். 1980-இல் அவர் இறந்துவிட்டார், கணவர் ஜெயித்ததைப் பார்க்கவில்லை.

வக்கீல் தொழிலில் அவர் எப்படி?

முதலில் தொழில் நடத்தவே இல்லை, அரசு சட்டப் பணியில் சேர்ந்தார். 1952-இலிருந்து சுமார் பத்து ஆண்டு. மாஜிஸ்ட்ரேட், மாவட்ட நீதிபதி, அரசு வழக்கறிஞர், கடைசியில் உச்ச நீதிமன்றப் பதிவாளர். பென்ஷனோடு ஓய்வு பெற்றிருக்கலாம். 1963-இல் விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார்.

நீதிபதி மேடையில் அமர்ந்தவர், அரசுத் தரப்பில் நின்றவர், பிறகு எதிர்த்தரப்பில் நின்றவர். கடைசியில் குற்றவாளிக் கூண்டிலும் நின்றார். நீதிமன்றத்தின் எல்லா நாற்காலியையும் பார்த்தவர் என்று நான் சொன்னது அதனால்தான்.

எலெக்‌ஷன்ல எத்தனை தடவை தோத்தார்?

ஐந்து. 1971-இல் பாட்டாளிக் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். டேவிட் மார்ஷல் என்ற இன்னொரு பெரிய வக்கீல் 1957-இல் தொடங்கிய கட்சி அது. ஜெயரத்தினம் கையில் எடுத்தபோது அநேகமாக உயிரற்றுக் கிடந்தது. 1972, 1976 பொதுத்தேர்தல்கள், 1977, 1979 இடைத்தேர்தல்கள், 1980 பொதுத்தேர்தல், ஐந்திலும் தோல்வி.

இதற்கு நடுவே 1976 தேர்தல் மேடையில் பேசிய பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் யூ அவதூறு வழக்குப் போட்டார். 1,30,000 சிங்கப்பூர் டாலர் நஷ்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பானது. அதற்குப் பிறகும் மூன்று தேர்தல் நின்றார். எனக்கு அந்த மூன்றுதான் பெரிதாகப் படுகிறது.

ஆன்சனில் மட்டும் எப்படி ஜெயிச்சார்?

ஆன்சன் துறைமுகத்தை ஒட்டிய தொகுதி. அதன் உறுப்பினர் தேவன் நாயர் 1981-இல் நாட்டின் அதிபரானார், இடம் காலியானது, அக்டோபர் 31-இல் இடைத்தேர்தல். அந்தச் சமயத்தில் பிளேர் பிளெய்ன் என்ற இடத்தில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பைக் கன்டெய்னர் முனைய விரிவாக்கத்துக்காகக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மாற்று வீடு எங்கே என்ற கவலை வீட்டுக்கு வீடு. ஐந்து முறை தோற்ற வேட்பாளர் ஒருவர் அந்தப் படிகளில் ஏறிக் கதவைத் தட்டினார்.

ஜெயரத்தினத்துக்கு 7,012 வாக்கு. ஆளும் கட்சியின் பாங் கிம் ஹின்னுக்கு 6,359. வித்தியாசம் 653. நம் டெல்லியில் ஒரு முனிசிபல் வார்டுக்கே இதைவிட அதிக வாக்குப் பதிவாகும். அந்த 653 பேர் ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி என்ற ஒன்றைத் திரும்ப உண்டாக்கினார்கள்.

தமிழர் ஓட்டுதானே காரணம்?

இல்லை. சிங்கப்பூரில் நாலில் மூன்று பேர் சீனர். தமிழர் ஓட்டை மட்டும் நம்பி அங்கே எந்தத் தொகுதியிலும் கரையேற முடியாது. அவர் தன்னைத் தமிழர் பிரதிநிதி என்று முன்னிறுத்தியதும் இல்லை. வீடு, வேலை, விசாரணை இல்லாத காவல், நீதிமன்றச் சுதந்திரம், இவைதான் அவர் பேச்சு. 'நம்ம ஆள்' என்று நாம் இங்கிருந்து பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் ஆன்சனில் அவரை 'நம்ம ஆள்' என்று நினைத்தவர்களில் சீனத் துறைமுகத் தொழிலாளியும் மலாய்க் குடும்பமும் இருந்தார்கள். பெருமை அதில்தான் அதிகம்.

நாடாளுமன்றத்தில் ஒற்றை ஆள் என்ன பண்ண முடியும்?

75 இடம். 74 ஆளும் கட்சி, ஒன்று இவர். எந்த மசோதாவையும் தடுக்க முடியாது. கேள்வி கேட்கலாம். அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், அது அவைக் குறிப்பில் ஏறும், மறுநாள் பத்திரிகையில் வரும். குறுக்கு விசாரணை செய்து பழகியவருக்கு அது சின்ன விஷயமில்லை. 1984 தேர்தலில் ஆன்சன் மக்கள் அவரை இன்னும் பெரிய வாக்கு வித்தியாசத்தில் திரும்ப அனுப்பினார்கள். அந்தத் தேர்தலில் இன்னொரு எதிர்க்கட்சிக்காரரும் வக்கீலுமான சியாம் சீ டோங்கும் வென்று கூட வந்து சேர்ந்தார்.

அவர் பதவி போனது எப்படி? அன்னைக்கு நீங்க பேப்பர்ல மூணு எண் எழுதிக் காட்டினீங்க, அது மறுபடி வேணும்.

பலர் கேட்டது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர், தீர்ப்பு நகல் கையில் வந்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போய் தண்டனை எண்ணைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார். எத்தனை மாதம், எத்தனை ரூபாய். "முதல்ல இதைப் பாரு, அப்புறம் மேல படி" என்பார். ஜெயரத்தினம் வழக்கை அப்படிப் படித்தால்தான் புரியும்.

வழக்கு, கட்சிக் கணக்கு பற்றியது. பழைய அவதூறு வழக்கொன்றில் தோற்றதால் பாட்டாளிக் கட்சி செலவுத் தொகை கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் கட்சிக்கு வந்த மூன்று நன்கொடைக் காசோலைகளைக் கடன்காரருக்குப் போகாமல் திருப்பிவிட்டார், கணக்கைப் பற்றிப் பொய் உறுதிமொழி கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. கட்சித் தலைவர் வோங் ஹோங் டோயும் கூட்டாளியாகச் சேர்க்கப்பட்டார்.

1984-இல் மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்து, ஒன்றில் மட்டும் குற்றவாளி என்று சொல்லி அபராதம் விதித்தார். 1,000 டாலர். வட்டமிடுங்கள்.

சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, அன்றைய நிலையில், ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 டாலருக்குக் குறையாத அபராதமோ விதிக்கப்பட்டவர் உறுப்பினராக இருக்க முடியாது என்றது. இது இரண்டாவது எண். ஆயிரம் அதற்குக் கீழே, பதவி தப்பியது.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. மறுவிசாரணை வேறொரு நீதிபதியிடம் நடந்தது. மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டு, 1986-இல் மேல்முறையீட்டில் அது ஒரு மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமுமாக மாறியது. மூன்றாவது எண். சிறைக்காலம் குறைந்ததைப் பார்த்து நல்லது நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அபராதம் கோட்டைத் தாண்டிவிட்டது. பதவி போனது, ஐந்தாண்டு தேர்தலில் நிற்கவும் தடை. ஆன்சனில் இடைத்தேர்தல் நடத்தவே இல்லை. 1988-இல் அந்தத் தொகுதியே வரைபடத்தில் இல்லாமல் போனது.

முதல் தீர்ப்புக்குப் பிறகு மைக்கேல் கூ நீதிபதி பணியிலிருந்து அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். ஜெயரத்தினம் இதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். 1986-இல் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள், அரசின் தலையீடு எதுவும் இல்லை என்று கமிஷன் சொன்னது. இரண்டையும் பதிவு செய்கிறேன்.

பிரிவி கவுன்சில் அவரை நிரபராதின்னு சொல்லிடுச்சுன்னீங்க. அப்புறமும் பதவி ஏன் திரும்பல?

இந்தக் கேள்விக்கு விடை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

குற்றத் தீர்ப்பைக் காரணம் காட்டி 1987-இல் அவர் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அந்த நீக்கத்தை எதிர்த்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு, அதாவது அன்று சிங்கப்பூருக்கும் மேலாக இருந்த கடைசி அப்பீல் நீதிமன்றத்துக்கு, போக வழி இருந்தது. குற்றத் தீர்ப்பை எதிர்த்துப் போக வழியில்லை. வக்கீல் உரிமம் பற்றிய அப்பீல் என்றாலும், உரிமம் போனதற்குக் காரணமான தீர்ப்பு சரியா என்று பார்க்காமல் முடிவெடுக்க முடியாது அல்லவா? பிரிவி கவுன்சில் பார்த்தது. 1988-இல் லார்ட் பிரிட்ஜ் எழுதிய தீர்ப்பு, இவரும் வோங்கும் செய்யாத குற்றத்துக்கு அபராதம் கட்டி, சிறை சென்று, ஊரறிய அவமானப்பட்டிருக்கிறார்கள், இது கொடிய அநீதி என்று சொன்னது.

வக்கீல் உரிமம் திரும்பியது. ஆனால் பிரிவி கவுன்சிலின் முன் இருந்தது பட்டியல் நீக்கம் மட்டுமே. குற்றத் தீர்ப்பு ஏட்டில் அப்படியே நின்றது. மன்னிப்புக் கோரி அதிபரிடம் போனார். அமைச்சரவை ஆலோசனைப்படி அது மறுக்கப்பட்டது. வருத்தம் தெரிவிக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. செய்யவில்லை என்று உயர்ந்த நீதிமன்றம் சொன்ன காரியத்துக்கு ஒருவர் எப்படி வருத்தம் தெரிவிப்பார்? மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாண்டுப் பெண் இதைத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, பதில் என்னிடம் இல்லை.

அடுத்த ஆண்டே இதுபோன்ற ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளில் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியைச் சட்டத் திருத்தம் அடைத்தது. 1994-இல் எல்லா அப்பீலும் நின்றது. இந்தியா அந்தக் கதவை 1949-இலேயே மூடி, அடுத்த ஆண்டு நம் உச்ச நீதிமன்றத்தை வைத்துக்கொண்டது.

நம்ம ஊரில் இப்படி நடக்குமா?

கோடு வேறு இடத்தில் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 8(3)-இன்படி பொதுவாக இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால் தகுதியிழப்பு, விடுதலைக்குப் பிறகும் ஆறு ஆண்டு. சில குற்றங்களுக்கு வெறும் அபராதமே போதும், அது பிரிவு 8(1). அப்பீல் போட்டுவிட்டுப் பதவியில் தொடரலாம் என்றிருந்த 8(4)-ஐ, லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் இங்கும் ஓர் உறுப்பினருக்கு 'இரண்டு ஆண்டு' விதிக்கப்பட்டதா, 'ஓராண்டு பதினோரு மாதமா' என்பதில் எல்லாம் இருக்கிறது. மேல் நீதிமன்றம் குற்றத் தீர்ப்பையே நிறுத்திவைத்தால் தகுதியிழப்பும் நிற்கும். சிங்கப்பூரிலும் 2022-இல் கோட்டை 2,000-இலிருந்து 10,000 டாலராக உயர்த்தினார்கள்.

தமிழ்க் கட்டுரை ஒன்றுதான் அவரைத் திவாலாக்கியதுன்னு சொன்னீங்களே, நிஜமாவா?

நிஜம். பாட்டாளிக் கட்சிப் பத்திரிகையின் பெயர் 'தி ஹேமர்', சுத்தியல். கட்சிச் சின்னமும் அதுதான். 1995-இல் அதில் தமிழில் ஒரு கட்டுரை வந்தது, அங்கே நடந்த தமிழ் மொழி வாரத்தைக் குறை சொல்லி. மொழி வார ஏற்பாட்டுக் குழுவினர் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். பத்திரிகைக்குப் பொறுப்பு ஜெயரத்தினம். நஷ்டஈடும் செலவும் லட்சக்கணக்கில். தவணையில் கட்டிவந்தார். தவணை தவறியது, 2001-இல் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார்.

திவாலானவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. நம் அரசியல் சட்டம் 102-ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது. 1997 தேர்தலில் செங் சான் குழுத்தொகுதியில் (பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் தொகுதி) அவர் அணி 45 சதவீதம் வாங்கித் தோற்றது. அதிக வாக்கு வாங்கித் தோற்றவருக்குக் கொடுக்கும் 'தொகுதியில்லா உறுப்பினர்' இடத்தில் நாடாளுமன்றத்துக்குத் திரும்பியிருந்தார். அதுவும் போனது. வக்கீல் தொழிலும் நின்றது. எழுபத்தைந்து வயது.

இங்கே நாமும் தமிழ் விழா நடத்துகிறோம், அதைப் பற்றிச் சண்டையும் போடுகிறோம். அதனால் இந்தப் பகுதியை என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

அவதூறு வழக்கு போட்டவங்க எல்லாரும் தப்பு, இவர் எப்பவும் சரியா?

அப்படி நான் சொல்லவில்லை. சிங்கப்பூர் அவதூறுச் சட்டம் கடுமையானது, அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மேடையில் அளந்து பேசவில்லை. 1976 வழக்கில் பிரிவி கவுன்சிலும் அவருக்கு எதிராகத்தான் 1982-இல் தீர்ப்பளித்தது. என் கட்சிக்காரராக இருந்திருந்தால் வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். கேட்டிருக்க மாட்டார். அளந்து பேசியிருந்தால் இன்னும் பத்து வருடம் அவையில் இருந்திருக்கலாம். அந்தப் பத்து வருடம் சிங்கப்பூர் ஏழைத் தொழிலாளிக்குத் தேவைப்பட்ட பத்து வருடம். இந்த வருத்தம் எனக்கு உண்டு.

சார், நான் ஒரு மாணவனோட அம்மா. இதையெல்லாம் கேட்டா பையனை லா படிக்க அனுப்பவே பயமா இருக்கு.

பயப்படாதீர்கள் அம்மா. லா படிக்கிற எல்லாரும் தேர்தலில் நிற்பதில்லை, நிற்கிற எல்லாருக்கும் இப்படி ஆவதும் இல்லை. இவருடைய இளைய மகன் பிலிப் சிங்கப்பூரில் பெயர் பெற்ற வக்கீலாக இருந்தவர், 2021-இல் நீதித்துறை ஆணையராகி, பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியும் ஆனார். அப்பா பட்டதைப் பார்த்தும் அதே தொழிலுக்கு வந்தவர். பையனுக்கு ஆசை இருந்தால் ஒருநாள் என்னோடு கோர்ட்டுக்கு அனுப்புங்கள். காலையில் வாய்தா வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்துவிட்டு அவனே முடிவு செய்யட்டும்.

வெளிநாட்டில் பிறந்தவர் இந்தியாவில் எம்.பி. ஆகலாமா? எம்.பி. ஆனா வக்கீல் தொழில் செய்யலாமா?

இரண்டுக்கும் ஆகலாம். 84-ஆவது பிரிவு இந்தியக் குடிமகனாக இருக்கச் சொல்கிறது, எங்கே பிறந்தார் என்று கேட்கவில்லை. மக்களவைக்கு 25 வயது, மாநிலங்களவைக்கு 30. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வக்கீலாகத் தொழில் செய்யத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது.

கடைசியில் என்ன ஆனார்?

திவால் காலத்தில் தான் எழுதிய புத்தகங்களைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் நின்று விற்றார். கன்னத்தில் அகலமான கிருதா, முழு உடை. மாவட்ட நீதிபதியாக இருந்தவர், மக்கள் இரண்டு முறை தேர்ந்தெடுத்தவர். வாங்கியவர்களில் சிலர் கை குலுக்கினார்கள், சிலர் பார்த்தும் பாராமல் நடந்தார்கள்.

2007-இல் இரண்டு லட்சத்துக்கு மேல் டாலர் கட்டித் திவாலிலிருந்து மீண்டார். வக்கீலாகத் திரும்பினார். 2008-இல் சீர்திருத்தக் கட்சி என்று புதிதாக ஒன்றைப் பதிவு செய்தார், 82 வயதில். சில மாதங்களில் இதயம் நின்றுபோனது. அவர் முன்பு நடத்திய பாட்டாளிக் கட்சி 2011-இல் அல்ஜுனிட் குழுத்தொகுதியைக் கைப்பற்றியது. ஓர் எதிர்க்கட்சி அங்கே குழுத்தொகுதியை வென்றது அதுவே முதல் முறை.

அடுத்த கூட்டத்துக்கு என்ன படிச்சுட்டு வரணும்?

பிரிவி கவுன்சில் தீர்ப்பு, 1988, ஜெயரத்தினம் எதிர் சிங்கப்பூர் சட்டச் சங்கம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பிரிண்ட் எடுத்து வாருங்கள், போனில் வேண்டாம். ஆளுக்கொரு சிவப்புப் பென்சில் நான் கொண்டுவருகிறேன்.